சிங்கப்பூரில் கணவருக்குச் சர்க்கரை, காலில் புண். டாக்டரிடம் போகப் பயப்படுகிறார்

அறந்தாங்கி மருமகள்:
வணக்கம். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார், துவாஸ் பக்கம் டார்மிட்டரியில் (தொழிலாளர் விடுதி) தங்கியிருக்கிறார். வயது 43. போன பொங்கலுக்கு வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சாப்பிட்ட பிறகு சர்க்கரை 310. மூன்று மாத மாத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அது எப்போதோ தீர்ந்துவிட்டது, என்னிடம் சொல்லவில்லை.

தினமும் ராத்திரி பத்து மணிக்கு வீடியோ காலில் வருவார். பிள்ளைகளோடு பேசுவார், சிரிப்பார். எல்லாம் முகம் மட்டும்தான். போன வாரம் போன் கை நழுவிக் கட்டிலில் விழுந்தது. அந்த ஒரு நொடியில் வலது கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்துவிட்டேன். கேட்டால் "ஷூ கடிச்சிருச்சு, வலியே இல்ல" என்கிறார். நாலு நாள் கழித்துக் காட்டச் சொன்னேன். அதே துணி, ஓரத்தில் மஞ்சளாக.

டாக்டரிடம் போனால் கம்பெனிக்குத் தெரிந்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். போன வருடம் கம்பெனி மாறியபோது ஏஜென்டுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடன் இன்னும் பாக்கி. மருந்துக்குப் பதிலாக, சர்க்கரையை வேரோடு ஒழிக்கும் கஷாயம் என்று போனில் வரும் வீடியோக்களை எனக்கே அனுப்புகிறார். என்ன செய்யட்டும்?

திரும்பி வந்தவன்:
தங்கச்சி, நான் அங்கே 11 வருடம் இருந்தவன். கடைசி நாலு வருடம் சேஃப்டி வேலை. "வலியே இல்ல" என்றாரே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சர்க்கரையில் கால் மரத்துப்போனால் வலி தெரியாது. எங்கள் அறையில் ஒருவர் ஷூவுக்குள் கிடந்த ஆணியோடு மதியம் வரை நடந்தார். சாக்ஸைக் கழற்றிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

2022 ஏப்ரலிலிருந்து டார்மிட்டரியில் இருக்கும் வொர்க் பெர்மிட்காரர்களுக்குக் கம்பெனியே ஆரம்ப மருத்துவத் திட்டம் வாங்கித் தர வேண்டும். மருத்துவ மையத்துக்கு நேரில் போனால் அவர் கட்டுவது 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). போனில் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி, ஆனால் இந்தப் புண்ணுக்குப் போன் போதாது, நேரில்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் அதற்கும் கம்பெனி காப்பீடு எடுத்திருக்க வேண்டும். 2023 ஜூலையிலிருந்து வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. வேலையில் பட்ட காயம் என்றால் உடனே சூப்பர்வைசரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எம்சி, அதாவது டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு நாட்களுக்கும் சம்பளம் உண்டு.

பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். பெர்மிட் கம்பெனி கையில்தான் இருக்கிறது. ஆனால் என்னோடு இருந்த இரண்டு பேர் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டே வருடக்கணக்கில் வேலை பார்த்தார்கள். விரலை எடுக்கும் நிலை வந்தால்தான் வேலை நிச்சயமாகப் போகும். கம்பெனி இழுத்தடித்தால் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகவே கிளினிக் நடத்துகிறார்கள்.

அப்புறம் சாப்பாடு. மதியத்துக்கான பொட்டலமும் விடியற்காலையிலேயே வந்துவிடும், முக்கால்வாசி சோறு. பாதியை எடுத்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாங்கி வைத்த முட்டையை அவித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

வார்டு நர்ஸ்:
அக்கா, வெந்நீரில் காலை வைக்க விடாதீர்கள். சூடு தெரியாமல் வெந்துவிடும். மஞ்சள், பற்பசை எதுவும் புண்ணில் வேண்டாம். சிவப்பு மேலே ஏறினாலோ, நாற்றம், காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. இனி தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாவிட்டால் போன் கேமராவைக் காலுக்கு அடியில் பிடித்தால் போதும். அந்தக் கஷாயத்தை நம்பி மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

சிவகங்கை செல்வி:
நானும் உங்களை மாதிரிதான், இவர் கத்தாரில். ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ராத்திரி போனில் வட்டிக் கணக்கைப் பேசுவதை நான் நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் முதுகு வலியைப் பற்றி இவர் வாயே திறந்தார். கடன் பேச்செல்லாம் இப்போது வெள்ளிக்கிழமை பகலில் மட்டும், அன்றைக்குத்தான் அவருக்கு லீவு.

அறந்தாங்கி மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. அண்ணா எழுதியதை அப்படியே அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஆணி விஷயம் கேட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. நேற்று மருத்துவ மையத்துக்குப் போய்விட்டார். புண்ணைச் சுத்தம் செய்து, மாத்திரை கொடுத்து, ஐந்து நாள் எம்சி எழுதியிருக்கிறார்கள். கம்பெனி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி நான் கேட்காமலே போனைத் திருப்பிக் காலைக் காட்டினார். வெள்ளைக் கட்டு, புதுசு.