தாத்தாவோட ஸ்டான்லி இழைப்புளி, வெச்சுக்கவா வித்துடவா?

கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) வீட்டை காலி பண்றப்ப பரண்ல தாத்தாவோட மரம் இழைக்கற இரும்பு இழைப்புளி கெடச்சுது, ஸ்டான்லி கம்பெனியோட பெய்லி நம்பர் 4 மாடல், அலகுக்கு பின்னாடி மூணு பேட்டன்ட் தேதி வார்த்திருக்கு, கடைசி தேதி 1910. ரெண்டு வாரம் மண்ணெண்ணெய்ல ஊற வெச்சு துருவ எடுத்தேன், அலகை தீட்டினதும் தேக்குல சுருள் சுருளா சீவுது. ஆனா அடித்தட்டுல, வாய் (அலகு வெளிய நீட்டற பிளவு) ஓரமா முடி கனத்துக்கு ஒரு விரிசல். வார்ப்பிரும்பு, சூடு பண்ணா இன்னும் பொளக்கும்னு வெல்டிங் பட்டறைல கைவிரிச்சுட்டாங்க. பாண்டி சண்டே மார்க்கெட்ல எடைக்குதான் கேக்கறாங்க, மனசே வரல. ஈட்டிமர கைப்பிடில தாத்தா பெருவிரல் பட்ட எடம் பள்ளமா தேஞ்சிருக்கு, அதுல நான் பாலிஷ் கூட போடல.

விரிசலோட இருக்கறத பழைய டூல்ஸ் சேக்கறவங்க நல்ல வெலைக்கு வாங்குவாங்களா, இல்ல நானே வெச்சு பொழங்கறதுதான் சரியா?