ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கிப் பட்ட பாடு: உங்கள் அனுபவம் என்ன?

திருச்சிவாசி

அப்பாவின் பழைய ஸ்டீரியோ செட் போன மாதம் உயிரை விட்டது. ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை. 8 ஓம், காகிதக் கூம்பு, தூசி மட்டும்தான். காலை ஐந்தரை மணிக்குப் பக்திப் பாட்டு ஓடாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. அவசரமாக டிபிஏ3116 என்ற ஐசி (மின்னணுச் சில்லு) உள்ள ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றை இணையத்தில் வாங்கினேன். '50 + 50 வாட்' என்று போட்டிருந்தார்கள். வீட்டில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரைச் செருகினேன்.

பழைய செட்டிலிருந்து பெட்டிகளுக்கு மூன்றே கம்பிகள் போயின: இடது, வலது, இரண்டுக்கும் பொதுவாக ஒரு மைனஸ். அப்படியே புது போர்டில் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. அணைத்துப் போட்டால் மறுபடி 'டப்'. போர்டு பழுது என்று விற்றவரிடம் சண்டை போடாத குறை.

இந்த ஐசியில் மைனஸ் முனைக்கும் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் உண்டு. அது கிரவுண்டு அல்ல என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இரு பக்க மைனஸையும் நான் சேர்த்துக் கட்டியதால் ஐசி தன்னைக் காத்துக்கொள்ள மூடிக்கொண்டிருக்கிறது. நான்காவதாக ஒரு கம்பி இழுத்தேன், பாட்டு வந்தது. ஆனால் சத்தம் கொஞ்சம் கூட்டினாலே கரகரக்கிறது. 50 வாட்டுக்கு இதுதானா?

கோவைக்காரன்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் 8 ஓமுக்குச் சுத்தமாகக் கிடைப்பது அதிகபட்சம் 9 வாட். அந்த 50 வாட் 21 வோல்ட், 4 ஓம் ஸ்பீக்கர், அதுவும் 10 சதவீதச் சிதைவோடு. ஐசி தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் அப்படித்தான் இருக்கிறது. விற்பவர்கள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய லேப்டாப் அடாப்டர் இருந்தால் மாட்டுங்கள். 19 வோல்ட்டில் 22 வாட் வரும், இரண்டு மடங்குக்கு மேல்.

என் கதை இதைவிடச் சோகம். டிடிஏ2030 என்ற வேறொரு ஐசி உள்ள போர்டுக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடுமுனைக்கு இரு பக்கமும் 12 வோல்ட் ஏசி) போட்டேன். அந்த ஐசி தாங்குவது கூட்டல் கழித்தல் 18 வோல்ட். மாலையில் நன்றாகவே பாடியது. எங்கள் தெருவில் இரவு பதினொன்றுக்கு மேல் லைன் 250 வோல்ட்டைத் தொடும். டிரான்ஸ்ஃபார்மர் சுமையில்லாதபோது எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும். டிசியாக மாறும்போது அதை 1.414ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கன்டென்சர் மேல் மீட்டரை வைத்தபோது 19ஐத் தாண்டியிருந்தது. ஆனால் நான் மீட்டர் வைத்தது ஐசி செத்த பிறகு.

ஐசி போனதோடு விடவில்லை. உள்ளே ஷார்ட்டாகி, அந்த டிசி முழுவதும் ஊஃபரின் (பாஸ் ஸ்பீக்கரின்) காயிலுக்குப் போய்விட்டது. கருகிய வார்னிஷ் வாடை காலைவரை அறையில் இருந்தது. கூம்பை விரலால் அழுத்தினால் உள்ளே கரகரவென்று உரசும். ஐசி சில்லறைக் காசு. அந்த ஊஃபருக்கு இன்றுவரை ஜோடி கிடைக்கவில்லை. இப்போது ஸ்பீக்கர் புரொடக்‌ஷன் ரிலே (டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் எதையும் இயக்குவதில்லை.

சேலத்து ரசிகன்

எல்லோரும் வாட்டையே துரத்துகிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு எல்எம்3886 போர்டு இரண்டு, 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், உள்ளங்கையைவிடப் பெரிய ஹீட்சிங்க் என்று கட்டினேன். ஒரு நாள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். முள் 2 வோல்ட்டைச் சுற்றி ஆடியது. 8 ஓமுக்கு அரை வாட்! தவிலடி போன்ற உச்சங்களுக்குப் பத்து இருபது மடங்கு இருப்பு வேண்டும்தான். அப்படியும் 10 வாட்டைத் தாண்டாது.

ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் பாருங்கள். 87 டெசிபல் பெட்டிக்கு 20 வாட் கொடுத்தால் வரும் சத்தம், 90 டெசிபல் பெட்டியில் 10 வாட்டிலேயே வந்துவிடும். அந்த எண்ணைப் பெட்டியின் பின்பக்கம் யாரும் படிப்பதில்லை.

நாகர்கோவில் நண்பர்

சேலத்து நண்பர் சொல்வதில் ஒரு மறுபக்கம் இருக்கிறது. என்னுடையவை ஹார்ன் வைத்த பெட்டிகள், சென்சிட்டிவிட்டி மிக அதிகம். திருச்சிக்காரர் வாங்கிய அதே ஐசிதான். பாட்டு இல்லாத நேரத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று நாலடி தள்ளியும் கேட்டது. அடாப்டரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், பயனில்லை. பிறகு பார்த்தால் கெயின் (சிக்னலை எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு) 32 டெசிபலில் இருந்தது. அந்த ஐசியில் 20, 26, 32, 36 என்று நான்கு நிலைகள். எது என்பதை இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள் முடிவு செய்கின்றன. பூதக்கண்ணாடியும் ஊசிமுனை சால்டரிங் அயர்னுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. 20க்கு இறக்கியபின் காதைப் பெட்டியில் ஒட்டினால்தான் கேட்கிறது.

கிளாஸ் டி (இந்த ஐசியின் வகை) என்றால் சத்தத்தில் உயிர் இருக்காது என்று சொல்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. என் காதுக்குப் போதும். ஒன்று மட்டும்: சப்ஊஃபரோடு ஐந்து பெட்டியை ஒரே அடாப்டரில் ஓட்ட நினைக்காதீர்கள். பாஸ் அடிக்கும்போதெல்லாம் மற்றவை மூச்சடைக்கும்.

திருச்சிவாசி

லேப்டாப் அடாப்டரை மாட்டிவிட்டேன், கரகரப்பு போய்விட்டது. அப்பா இன்று காலை எழுந்ததும் செய்த முதல் வேலை, வால்யூமை முன்பு இருந்த இடத்துக்கும் கீழே இறக்கியது. நாகர்கோவில் நண்பரே, அந்த ரெசிஸ்டர்கள் போர்டில் எந்த மூலையில் இருக்கின்றன?