‘ஃபினிஷ்’ என்பதற்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். அமெரிக்க, கனடிய விஸ்கிகளைச் சுவைத்து மதிப்பிடுவது பற்றிய 40 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெரிய ஆலைகளைவிடச் சிற்றாலைகளைப் பற்றித்தான் அதிகம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பெரும்பாலான சொற்கள் முடிந்துவிட்டன. ‘மாஷ்’ என்பதற்கு ‘ஊறல்’ என்று போட்டுவிட்டேன். ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று நாளிதழ்களில் அடிக்கடி வருகிற சொல், யாருக்கும் விளக்க வேண்டாம். ஓக் மரம் நாக்கில் ஏற்றுவதற்குத் ‘துவர்ப்பு’ தயாராக இருக்கிறது. முரண்டு பிடிப்பது ‘ஃபினிஷ்’ ஒன்றுதான்.

விழுங்கிய பிறகு வாயிலும் தொண்டையிலும் நிற்பது ஒரு பொருள். முதிர்ந்த விஸ்கியை வேறு மது இருந்த பீப்பாய்க்கு மாற்றிச் சில மாதங்கள் வைப்பது இன்னொரு பொருள். கையேட்டில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருகின்றன: போர்ட் ஒயின் பீப்பாயில் ‘ஃபினிஷ்’ செய்த போர்பன் (மக்காச்சோளம் மிகுந்த அமெரிக்க விஸ்கி), அதன் ‘ஃபினிஷ்’ நீளமானது. நான் இரண்டுக்கும் ‘முடிவு’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் “யாருடைய முடிவு?” என்று கேட்டிருக்கிறார்.

லூயிவில் பொறியாளர் எழுதியது:

முதல் பொருளுக்குப் ‘பின்சுவை’ போதும் அம்மா. சோதித்துப் பார்க்க நேற்றிரவு ஒரு குவளை ஊற்றினேன். ஆராய்ச்சிக்காக என்று சொன்னதை என் மனைவி நம்பவில்லை.

எடுத்தது எங்கள் கென்டக்கி மாநிலத்தின் நியூபோர்ட் நகரத்து நியூ ரிஃப் ஆலையின் போர்பன், சாராய அளவு 50 சதவீதம். ஊறலில் மக்காச்சோளம் 65 சதவீதம், ரை என்னும் தானியம் 30, முளைகட்டிய பார்லி 5. பத்து நிமிடம் ஆறவிட்டேன். மூக்கைக் குவளைக்குள் நுழைத்தால் வெறும் சாராய நெடிதான் அடிக்கும். வாயைச் சற்றுத் திறந்தபடி விளிம்பருகே மோந்தால் வெனிலாவும் வெல்லப்பாகும் வருகின்றன. முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு, கணக்கில் சேராது. இரண்டாவதில் நாக்கின் நடுவே பாகு, ஓரங்களில் ரையின் மிளகுக் காரம். விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். முதலில் நெஞ்சில் ஒரு சூடு இறங்கியது. இதை இங்கே ‘கென்டக்கி அணைப்பு’ என்கிறார்கள். பிறகு மிளகு அடங்கி, வறுத்த வேர்க்கடலையைத் தோலோடு மென்றது போலக் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு துவர்ப்பு. முக்கால் நிமிடம் ஆன பிறகும் வெனிலா போகவில்லை.

இதைப் ‘பின்சுவை’ என்றால் என் அப்பாவுக்கும் புரியும். அவர் குடித்ததே இல்லை.

மதுரை ஆசிரியர் எழுதியது:

‘பின்’ என்பது பிழையல்ல, ஆனால் எளிமை கருதி ஏழ்மையை ஏற்கலாமா? இறுதல் என்னும் வினையிலிருந்து வந்த ‘ஈறு’ நம்மிடம் இருக்கிறது. சொல்லுக்கு ஈறு உண்டென்றால் சுவைக்கும் உண்டு. ‘ஈற்றுச்சுவை’ என்பது என் பரிந்துரை. பல்லைத் தாங்கும் ஈறும் அதே ஒலிதான். ‘எயிறு’ மருவி அந்த ‘ஈறு’ ஆனது என்பார்கள், வேர் வேறு. ஆயினும் விஸ்கி எரிவது பல்லின் ஈற்றிலும்தானே? இரண்டு பொருளும் ஒரு சொல்லில் சந்திப்பது மொழி நமக்குத் தரும் கொடை.

இன்னொன்று. புறநானூற்றின் 392ஆம் பாட்டில் ஔவையார் ‘தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்’ என்கிறார், தேளின் கடுப்பைப் போன்ற, நாள்பட முதிர்ந்த தேறல். தேள் கொட்டும் கணம் வேறு, கடுப்பு வேறு. கடுப்பு என்பது கொட்டிய பின் ஏறி நிற்பது. ஆக, ஔவையார் மதிப்பிடுவது நீங்கள் தேடும் அந்த ‘ஃபினிஷை’த்தான். கையேட்டில் ‘விஸ்கி’ என்று வரும் இடமெல்லாம் ‘நாட்படு தேறல்’ என்று போட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

லூயிவில் பொறியாளர் எழுதியது:

ஐயா, கடுப்பைப் பற்றி நீங்கள் சொன்னது அருமை. ஆனால் தேறல் என்பது தெளிந்த கள், இது வாலையில் வடித்தது. ‘நாட்படு’வும் எல்லாவற்றுக்கும் ஒட்டாது. அமெரிக்கச் சட்டத்தில் போர்பனுக்குக் குறைந்தபட்ச வயதே கிடையாது. பாட்டிலின் மேல் ‘ஸ்ட்ரெய்ட்’ என்று எழுதினால்தான் 2 ஆண்டு. 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று போட 4 ஆண்டு வேண்டும், 50 சதவீதமும் இருக்க வேண்டும். சில மாதமே மரத்தைப் பார்த்த சரக்கை ‘நாட்படு’ என்றால் ஔவையார் கோபிப்பார்.

ரொறன்ரோ வாசகி எழுதியது:

நான் ‘தங்கல்’ என்பேன். சுவை வாயில் தங்குகிறது, அவ்வளவுதான். நீண்ட தங்கல், குறுகிய தங்கல். ‘துவர்ப்பு’க்குப் பக்கத்தில் எங்கள் ‘கயர்ப்பை’யும் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் பச்சை வாழைக்காயைக் கடித்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சொல்லுக்குள் முழுப் பொருளையும் அடைத்தே தீர வேண்டுமா என்பது என் சந்தேகம். கனடாவின் விதிப்படி ‘ரை விஸ்கி’ என்பது ‘கனடிய விஸ்கி’க்கு இன்னொரு பெயர் மட்டுமே. உள்ளே ரை எவ்வளவு என்று கேள்வியே இல்லை. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனால் ஊறலில் ரை குறைந்தது 51 சதவீதம் கட்டாயம். இரண்டு நாட்டிலும் மக்கள் குழப்பமில்லாமல் வாங்குகிறார்கள்.

சென்னைத் தனித்தமிழன்பர் எழுதியது:

எல்லாரும் ‘ஃபினிஷை’த் துரத்துகிறீர்கள், ‘பீப்பாய்’ நடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அது போர்த்துக்கீசியம். பெரிய பானையைக் குறிக்கும் ‘மிடா’ என்ற பழஞ்சொல் இருக்க, ‘மரமிடா’ என்றால் என்ன குறைந்துவிடும்?

லூயிவில் பொறியாளர் எழுதியது:

‘பீப்பா’ போர்த்துக்கீசியச் சொல் என்பது சரி. ஆனால் நாம் இப்போது பேசுவதே போர்ட் ஒயின் இருந்த பீப்பாய்கள், அவற்றைப் போர்த்துக்கல்லில் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். சொல் தன் சொந்தச் சரக்கோடு வந்திருக்கிறது தம்பி, விரட்டாதீர்கள்.

ஆனால் உங்களுக்கு ஆதரவாக ஒன்று. போர்பன் விதியில் ‘பீப்பாய்’ என்ற சொல் இல்லை. ‘கரித்த புதிய ஓக் கலங்கள்’ என்றுதான் இருக்கிறது. நடைமுறையில் எல்லாரும் சுமார் 200 லிட்டர் பீப்பாயைப் பயன்படுத்துகிறார்கள், சட்டம் கேட்பது கலத்தை.

சென்னைத் தனித்தமிழன்பர் எழுதியது:

கலம்! அமெரிக்க அரசுக்கே தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் இரண்டாவது பொருளுக்கு ‘மறுகலம்’. ‘போர்ட் மறுகலப் போர்பன்’.

கோவை உணவியல் ஆசிரியை எழுதியது:

‘மறுகலம்’ நன்றாக இருக்கிறது. முதல் பொருளுக்கு எந்தச் சொல்லை எடுத்தாலும் எனக்குச் சம்மதம், ஆனால் அதோடு சேரும் அடைமொழிகளைக் கவனியுங்கள். அங்கேதான் தமிழ் கொழிக்கிறது, நாம் பயன்படுத்துவதில்லை. வகுப்பில் ‘ஹார்ஷ்’ என்று மாணவர்கள் எழுதினால் அந்தச் சொல்லை அடித்துவிட்டுக் கேட்பேன்: கமறலா, காறலா, காந்தலா? மிளகாய் வறுக்கும்போது மூக்கையும் தொண்டையையும் பிடிப்பது கமறல். சரியாக வேகாத கருணைக்கிழங்கு தொண்டையில் செய்வது காறல். காந்தல் என்பது எரிவு, இன்னும் கீழே நெஞ்சுப் பக்கம்.

சிற்றாலை விஸ்கிக்கு இந்தப் பிரிவு மிகவும் தேவை. காத்திருக்கப் பணமில்லாத சில ஆலைகள் 20, 40 லிட்டர்ப் பீப்பாய்களில் தொடங்கின. பீப்பாய் சிறிதானால் ஒரு லிட்டருக்குப் படும் மரப்பரப்பு கூடும், நிறமும் துவர்ப்பும் விரைவில் ஏறும். காற்றும் காலமும் செய்ய வேண்டிய வேலை மட்டும் அப்படியே நிற்கும். அந்த விஸ்கியின் பின்சுவை நீளமாகத்தான் இருக்கும், ஆனால் பச்சை மரத்தை நக்கியது போல. ‘நீண்ட பின்சுவை’ என்பதைப் பாராட்டாக மட்டும் வாசகர் எடுத்துக்கொள்ளாதபடி கையேட்டில் ஒரு வரி சேருங்கள்.

மதுரை ஆசிரியர் எழுதியது:

நீளம் என்றதும் நினைவுக்கு வந்தது. தன் மாத்திரைக்கு மேல் நீண்டு ஒலிப்பது அளபெடை. தன் அளவுக்கு மேல் நீண்டு நிற்கும் சுவையைச் ‘சுவையளபெடை’ என்றால் என்ன? குறுகியதைச் ‘சுவைக்குறுக்கம்’ எனலாம். ஐகாரக்குறுக்கம் இருக்கிறதே.

ரொறன்ரோ வாசகி எழுதியது:

ஐயா, இரண்டு குவளைக்குப் பிறகு ‘சுவையளபெடை’ என்று எவராலும் சொல்ல முடியாது. நானே முயன்று பார்த்துவிட்டேன்.

பெயரிடாத உறுப்பினர் எழுதியது:

நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் குடியால் கெட்டுக்கொண்டிருக்க, குடிக்குக் கலைச்சொல் தேவையா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

தேவையா என்று நானும் யோசித்ததுண்டு. என் அண்ணனுக்குக் குடி ஒரே ஒரு சுவையைத்தான் கொடுத்தது, அதற்கு விமர்சனம் எழுத முடியாது. இந்தக் கையேடு 15 மில்லியை ஊற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறவர்களுக்கு. சொல் இல்லாததால் யாரும் குடியை விட்டதாக நான் பார்த்ததில்லை. இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

இன்று வியாழன், இரவு பதினொன்று. எண்ணிப் பார்த்தேன்: ‘பின்சுவை’க்கு நான்கு பேர், அதில் இருவர் “ஏதாவது ஒன்றைப் போட்டு முடியுங்கள்” என்று தனிமடலில் சொன்னவர்கள். ‘தங்கல்’ ஒன்று, ‘ஈற்றுச்சுவை’ ஒன்று. அச்சுக்குப் போவது ‘பின்சுவை’. பீப்பாய் மாற்றுவது ‘மறுகலம்’. ‘பீப்பாய்’ இருந்த இடத்திலேயே இருக்கும், விதியை மேற்கோள் காட்டும் பக்கத்தில் மட்டும் ‘கலம்’. கமறல், காறல், காந்தல் மூன்றும் சேர்ந்துவிட்டன. கயர்ப்புக்கும் இடம் கிடைத்தது. ஔவையாரின் தேள் 9ஆம் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. பின்சுவை பற்றி அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்த மூன்று பத்திகளைவிட அது தெளிவு.

மதுரை ஆசிரியர் எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். என் வகுப்பில் ‘ஈற்றுச்சுவை’ என்றே சொல்வேன். நீங்கள் அனுப்பிய அச்சுப்படியில் 14ஆம் பக்கம் ‘நெடிய பின்சுவை’ என்று இருக்கிறது. ‘நீண்ட’ என்று திருத்துங்கள். ‘நெடிய’ என்பது உயரத்துக்கு உரியது.

சென்னைத் தனித்தமிழன்பர் எழுதியது:

அப்படியென்றால் நெடுஞ்சாலை, ஐயா?