சிக்கில் செல் குறிப்பு: எளிய தமிழில் எழுத உதவி வேண்டும்

வணக்கம். கூடலூர், பந்தலூர் பக்கம் சிக்கில் செல் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். குழுவில் உள்ள நர்ஸ் அக்காக்கள், லேப் டெக்னீஷியன்கள் கை கொடுக்க வேண்டும்.

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பது 1952-லேயே பதிவான விஷயம். இன்றும் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ஏஎஸ்' என்று பார்த்துப் பதறும் அம்மாவுக்கு 'ஹெட்டரோசைகஸ்' என்றுதான் பதில் வருகிறது. நோய் இல்லை, தாய், தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் சிக்கில் மரபணு வந்திருக்கிறது என்றால் போதாதா? இருவரிடமிருந்தும் வந்த 'எஸ்எஸ்' என்றால் நோய்.

நான் திணறுவது ஒரே இடத்தில். தாய், தகப்பன் இருவரும் ஏஎஸ் என்றால் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இப்படிச் சொன்னால், "மூத்தவனுக்கு வந்துடுச்சு, இனி மூணு பேருக்கு வராதில்ல?" என்கிறார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்கு புதுசு என்பதை நீங்கள் எப்படிப் புரியவைக்கிறீர்கள்?

அதற்காக எல்லா ஆங்கிலப் பெயரையும் தூக்கிவிடச் சொல்லாதீர்கள். ராத்திரி வலியோடு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பிள்ளை சாப்பிடும் சிக்கில் செல் மருந்தின் பெயரை 'ஹைட்ராக்ஸியூரியா' என்று சொல்லத் தெரிய வேண்டும். வெறும் 'கேப்சூல்' என்றால் டூட்டி டாக்டருக்கு என்ன புரியும்?

குளிர், தண்ணீர் குடிக்காதது இரண்டும் வலியைக் கிளப்பும், காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது என்பதெல்லாம் எழுதியாயிற்று. (நம்மூர் மழையில் எந்தப் பிள்ளை தண்ணீர் குடிக்கிறது!)

அப்புறம், இங்குள்ள பழங்குடியினரான பணியரின் மொழியில் இதைப் பேசிப் பதிவுசெய்து தர யாராவது இருந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து யாருடைய ரிப்போர்ட்டையும் பெயரோடு இங்கே போட வேண்டாம்.