பிஎஃப், தொழில் வரி எல்லாம் பிடிச்ச பிறகும் 28,080 ரூவா வரி கேக்குது, இது என்ன கணக்கு?

குழித்துறைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் டெய்லி குழித்துறையில ரயில் ஏறி திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போறேன். போன வருசம் (2024) அக்டோபர் வரை ஒரு கம்பெனி, மாசம் 60,000. நவம்பர்ல வேற கம்பெனி, 85,000. ரெண்டு இடத்துலயும் மாசா மாசம் 1,800 பிஎஃப் பிடிச்சாவ, தொழில் வரி 1,250 வச்சு ரெண்டு தடவ போச்சு. நேத்து ராத்திரி ரிட்டர்ன் போட உக்காந்தா 28,080 கட்டணும், அதுக்கு மேல வட்டியும்னு காட்டுது. எனக்க சம்பளத்துலதான் ஏற்கனவே பிடிச்சாச்சே, பிறகும் எதுக்கு? கழிவும் வரி சதவீதமும் கம்மியா உள்ள புதிய முறைலதான் போடுதேன்.

தக்கலை அண்ணாச்சி:
மக்கா, பேஸ்லிப்புல டிடிஎஸ்னு, அதாவது கம்பெனியே பிடிச்சு கட்டுற வருமான வரி, ஒண்ணு இருக்கான்னு மொதல்ல பாரு. சம்பளத்துல பிடிக்கிறதுல வருமான வரிக்கு முன்கூட்டியே கட்டுன கணக்குல வாரது அது மட்டும்தான், உனக்க பேர்ல கட்டுன வரியெல்லாம் காட்டுற 26ஏஎஸ்ல ஏறியிருக்கும். பிஎஃப் உனக்க சொந்த சேமிப்பு. தொழில் வரி உள்ளாட்சிக்குப் போற பைசா, வருசத்துக்கு 2,500க்கு மேல யாரும் வாங்க முடியாது, அதுக்கும் டெல்லிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

குழித்துறைக்காரன்:
பாத்துட்டேன் அண்ணாச்சி, டிடிஎஸ் ரெண்டு கம்பெனிலயும் சைபர் 😭

மார்த்தாண்டம் அக்கா:
எனக்கும் ரெண்டு வருசம் முன்ன இதே கததான் தம்பி. மொத கம்பெனி நீ வருசம் பூரா இருப்பன்னு வச்சு, வருசச் சம்பளம் 7,20,000, அதுல பொதுக் கழிவு 75,000 கழிச்சா 7 லட்சத்துக்குள்ள, வரி இல்லன்னு விட்டிருப்பாவ. ரெண்டாவது கம்பெனிக்கு நீ பழைய சம்பளத்த 12பி ஃபார்ம்ல சொல்லல, அதனால அவிய 5 மாச சம்பளம் 4,25,000 மட்டும் பாத்து அவியளும் பிடிக்கல. மொத கம்பெனில ஏப்ரல்ல இருந்து 7 மாசம் வாங்குன 4,20,000ஐயும் இதையும் சேத்தா 8,45,000, கழிவு 75,000 ஒரே ஒரு தடவதான், மிச்சம் 7,70,000, 7 லட்சம் தாண்டுனதால வரி இல்லங்குற சலுகை போச்சு. 2024-25 கணக்குக்கு 3ல இருந்து 7 லட்சம் வரை 5 சதவீதம் 20,000, மேல உள்ள 70,000க்கு 10 சதவீதம் 7,000, வரிக்கு மேல போடுற செஸ் 1,080. போர்ட்டல் சொன்னது சரிதான். சேர்ற அன்னைக்கு எச்ஆர்ல ஒருத்தரும் இத கேக்கவும் மாட்டாவ, சொல்லவும் மாட்டாவ, அதுதான் எனக்கு எரிச்சல்.

குழித்துறைக்காரன்:
பழைய முறைக்கு மாறுனா பிஎஃபும் தொழில் வரியும் கழியும்னு ரயில்ல ஒருத்தர் சொன்னாரே?

தக்கலை அண்ணாச்சி:
கழியும், வருமானத்துல இருந்து, வரியில இருந்து இல்ல. உனக்க பிஎஃப் 21,600, தொழில் வரி 2,500, ஆனா அங்க பொதுக் கழிவு 50,000தான், 5 லட்சத்துக்கு மேல 20 சதவீதம். வேற சேமிப்பு, வீட்டு வாடகைனு ஒண்ணும் இல்லன்னா வரி 69,000 தாண்டிரும், சோலி முடிஞ்சிரும்.

மார்த்தாண்டம் அக்கா:
இந்த வருசம் (2025) ரிட்டர்னுக்கு செப்டம்பர் 15 வரை டைம் நீட்டியிருக்கு, அதுக்காக வச்சிட்டு இருக்காத, முன்கூட்டி கட்டாததுக்கு மாசம் 1 சதவீதம், உனக்கு 280 ரூவா, ஏறிட்டே இருக்கும். பழைய பிஎஃபையும் எடுக்காம புதுசுக்கு மாத்திரு, 5 வருசம் ஆகும் முன்ன எடுத்தா அதுக்கும் வரி.

குழித்துறைக்காரன்:
கட்டிட்டேன் அக்கா. அசெஸ்மென்ட் இயர், அதாவது சம்பளம் வாங்குன வருசத்துக்கு அடுத்த வருசம், மொதல்ல 2026-27னு செலக்ட் பண்ணப் பாத்தேன், நல்லவேளை, 2025-26 தான? சலான் நம்பர் ரிட்டர்ன்ல எங்க போடணும்?

தக்கலை அண்ணாச்சி:
ஆமா 2025-26தான். வரி கட்டுன விவரம்னு ஒரு பகுதி வரும், செல்ஃப் அசெஸ்மென்ட்னு உள்ள இடத்துல சலான்ல உள்ள பிஎஸ்ஆர் கோடு (பேங்க் கிளை நம்பர்), தேதி, சலான் நம்பர் மூணையும் போடு. பாக்கி சைபர்னு வந்த பிறகு சப்மிட் கொடு மக்கா.