டாடாவா ஹூண்டாயா? நம்ம நாட்டு கார்னு எதை சொல்றது?

திருச்சி_மணி:

எல்லாருக்கும் வணக்கம். முதல் கார் வாங்கப் போறோம். ஆன்ரோடு 14 லட்சம் வரைக்கும் போகலாம், பெட்ரோல், சின்ன எஸ்யூவி மாதிரி. டவுனுக்குள்ள ஓட்டறதும் அப்பப்ப புதுக்கோட்டை பக்கம் மாமியார் ஊருக்கு போய் வர்றதும்தான் வேலை.

வண்டி எதுன்றதுல வீட்ல பெரிய பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு. அப்பா பெல்லுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், எந்த பொருளை பார்த்தாலும் இதை நம்ம ஊர்ல செய்ய முடியாதான்னு கேக்கற ஆளு, அவர் ஒரே பிடியா டாடா இல்லேன்னா மஹிந்திரா, வேற எது வாங்கினாலும் லாபம் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போயிரும்னு நிக்கறார். என் மச்சினன் சென்னை பக்கம் ஹூண்டாய் ஃபேக்டரி இருக்கற இருங்காட்டுக்கோட்டைல கார் பார்ட்ஸ் செய்ற கம்பெனில இருக்கான், அவன் "மாமா, ஹூண்டாய் வித்தாத்தான் எங்களுக்கு ஓவர்டைம், டாடா நெக்ஸான் புனே பக்கத்துல செய்யற வண்டி, அதை வாங்கினா நம்ம ஊருக்கு என்ன"ங்கறான்.

ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தான் படுது. மைலேஜ், சன்ரூஃப் எல்லாம் நான் பார்த்துக்கறேன். நான் கேக்கறது என்னன்னா, இவ்வளவு பணத்தை ஒரே மூச்சுல கொட்டறோம், அது நம்ம நாட்டுக்கு பிரயோஜனமா இருக்கணும்னா கம்பெனி யாரோடதுன்னு பார்க்கணுமா, ஃபேக்டரி எங்க இருக்குன்னு பார்க்கணுமா?

ஒரகடம்_டூல்ரூம்:

தம்பி, நான் டூல்ரூம்ல டை (தகட்டை வடிவமா அடிக்கற அச்சு) மெயின்டெனன்ஸ் பார்க்கறவன், எனக்கு தெரிஞ்சதை சொல்றேன். எங்க ஷாப்புல 200 டன் பிரஸ் ஒண்ணு இருக்கு, காலைல முதல் ஷிஃப்ட்ல அதுல கொரியன் காருக்கு சீட்டுக்கு அடியில வர்ற பிராக்கெட் அடிப்போம், மதியம் டையை இறக்கிட்டு வேற டை ஏத்தி அதே பிரஸ்ல நம்ம நாட்டு கம்பெனி வண்டிக்கு பீஸ் ஓட்டுவோம். ஆப்பரேட்டர் அதே பையன், பீஸ் போடற பெட்டில மாட்டற டேக்தான் மாறும். இதுல எதை உள்நாடு எதை வெளிநாடுன்னு பிரிப்பீங்க?

பேட்ஜை, அதாவது வண்டி மேல இருக்கற கம்பெனி பேரை மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. மாருதில பாதிக்கு மேல பங்கு சுசுகியோடது, ஆனா வண்டில 90 சதவீதத்துக்கு மேல பாகம் இந்தியாலயே வாங்கறாங்க. பார்ட்ஸ் செய்ற பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், ரானே, கோயம்புத்தூர் பிரிக்கால், எம்ஆர்எஃப், இவங்க யாரும் ஒரே கம்பெனிக்கு மட்டும் சப்ளை பண்றவங்க இல்ல. சுந்தரம் ஃபாசனர்ஸ் 1990கள்லயே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பினவங்க. 1998ல இருங்காட்டுக்கோட்டைல ஹூண்டாயோட சான்ட்ரோ இறங்கின பிறகு அதைச் சுத்தி எத்தனை பிரஸ் ஷாப்பு, எத்தனை மோல்டிங் யூனிட் வந்துச்சுன்னு ஸ்ரீபெரும்புதூர் ரோட்ல போனாலே தெரியும். 5எஸ் (வேலை இடத்தை ஒழுங்கா, சுத்தமா வச்சுக்கற ஜப்பான் முறை), ரிஜெக்ஷன் கணக்கு, டெலிவரி ஷெட்யூல்னு வேலையை ஒழுங்கா செய்ய கத்துக்கிட்டதே ஹூண்டாய் மாதிரி கம்பெனிங்க ஆடிட்ல திட்டு வாங்கித்தான். அந்த பழக்கம் இப்ப டாடா, மஹிந்திராவுக்கு அடிக்கற பீஸ்லயும் இருக்கு.

அசல் வெளிநாட்டு கார்னா டெஸ்லா மாடல் ஒய்யை சொல்லுங்க. 2025 ஜூலைல மும்பைல ஷோரூம் தொறந்து விக்க ஆரம்பிச்சது, ஷாங்காய்ல முழு வண்டியா செஞ்சு கப்பல்ல வருது, வரி எல்லாம் சேர்த்து 60 லட்சம் கிட்ட. அதுல ஒரு போல்ட் கூட இங்க யாரும் முடுக்கலை. உங்க 14 லட்சத்துல பார்க்கற எல்லாமே இங்க செய்யற வண்டிதான்.

ஆனா உங்க மச்சினன் கிட்ட ஒண்ணு சொல்லுங்க, 2025 நவம்பர்ல வந்த ஹூண்டாயோட புது வென்யூ இருங்காட்டுக்கோட்டைல செய்யற வண்டி இல்ல, அதுவும் புனே பக்கம் தளேகாவ்ல, ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுட்டு போன ஃபேக்டரியை ஹூண்டாய் வாங்கி அங்க செய்யறாங்க. நம்ம ஊர்ல செஞ்சதுதான் வேணும்னா கிரெட்டா பாருங்க, இல்ல எங்க ஒரகடத்துல இறங்கற நிசான் மேக்னைட், ரெனோ கைகர் பாருங்க.

மறைமலைநகர்வாசி:

அண்ணன் சொல்றதுல பாதியை ஒத்துக்கறேன், மீதியை ஒத்துக்க முடியாது. ஃபேக்டரி இங்க இருந்தா போதும்னா எங்க ஊரை வந்து பாருங்க. ஃபோர்டு 1990கள்ல வந்தாங்க, ஐகான், ஃபிகோ, எகோஸ்போர்ட்னு அத்தனையும் இங்க செஞ்சு உலகம் பூரா அனுப்பினாங்க, நல்ல வண்டி, நல்ல வேலைக்காரங்க. 2021 செப்டம்பர்ல மூடப்போறோம்னு அறிவிச்சாங்க, 2022 ஜூலைல கடைசி வண்டி இறங்குச்சு, அவ்வளவுதான். முடிவு எடுத்தது அமெரிக்கால. அவங்களை குத்தம் சொல்லலை, நஷ்டம் வந்தா எந்த கம்பெனியும் அதைத்தான் செய்யும், ஆனா இந்தியாவை விட்டு போறோம்னு டாடாவோ மஹிந்திராவோ சொல்ல முடியுமா, எங்க போவாங்க?

இன்னொரு விஷயம், ஒரு காரை முதல்ல இருந்து யோசிச்சு செய்யற அறிவு யார் கைல இருக்குன்னு பார்க்கணும். மஹிந்திரா ரிசர்ச் வேலி எங்க இருக்கு, இங்க செங்கல்பட்டு மஹிந்திரா சிட்டில. எக்ஸ்யூவி700 இங்க உருவான வண்டிதான், அதுல வேலை பார்த்த பசங்க நிறைய பேர் நம்ம காலேஜ்ல படிச்சவங்க. அவங்க சின்ன எஸ்யூவி 3எக்ஸ்ஓவை நாசிக்ல செய்யறாங்கன்னு தமிழ்நாட்டுக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிருமா? அதே சமயம் ஹூண்டாய் விக்கிற விலைல 3.5 சதவீதம் ராயல்டியா, அதாவது பேருக்கும் தொழில்நுட்பத்துக்கும் குடுக்கற கட்டணமா கொரியாவுக்கு போகுது. 2024ல இந்தியாவோட பெரிய ஐபிஓ (முதல் தடவையா பொதுமக்களுக்கு பங்கு விக்கறது)ன்னு 27,870 கோடி திரட்டினாங்களே, அதுல ஒரு ரூபா இந்திய கம்பெனிக்குள்ள வரலை, தாய் கம்பெனி தன் பங்கை வித்து காசாக்கிக்கிச்சு. சட்டப்படி சரிதான், ஆனா இது நம்ம கம்பெனின்னு சொல்லாதீங்க.

கொரியாக்காரன் எப்படி வளர்ந்தான்னு பாருங்க. 1968ல ஹூண்டாய் ஃபோர்டு கார்ட்டினா பாகங்களை வாங்கி பூட்டிக் குடுத்த கம்பெனி. 1975ல போனி, எஞ்சின் மிட்சுபிஷியோடது, டிசைன் இத்தாலிக்காரர் போட்டது, ஆனா பேரு அவங்களோடது. அந்த ஊர் ஜனங்க அதை வாங்கினாங்க. நம்ம ஆளுங்க 1998ல இண்டிகா வந்தப்ப எவ்வளவு குறை சொன்னாங்கன்னு எங்க பெரியப்பா இன்னும் வருத்தப்படுவார். அதே டாடா பத்து வருஷத்துல ஃபோர்டு கிட்ட இருந்தே ஜாகுவார் லேண்ட்ரோவரை 230 கோடி டாலருக்கு வாங்கினாங்க, 2018ல நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்பு சோதனைல 5 ஸ்டார் எடுத்த முதல் இந்திய கார் ஆச்சு. யாரோ காசு குடுத்து வாங்கினதாலதானே அது நடந்துச்சு. உங்கப்பா சொல்றதை கேளுங்க மணி.

கிள்ளான்_வாசகன்:

மலேசியால இருந்து எழுதறேன். எங்க கதையையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. 1985ல ப்ரோட்டான் சாகா வந்தப்ப எங்க அப்பா காலத்து ஆளுங்களுக்கு அவ்வளவு பெருமை, மிட்சுபிஷி தொழில்நுட்பம்தான், ஆனா நம்ம நாட்டு கார். வெளிநாட்டு காருக்கு வரியை ஏத்தி வச்சு பல வருஷம் பாதுகாத்தாங்க. சம்பளம் கம்மியா இருக்கற குடும்பத்துக்கு வேற வழியே இல்ல, ப்ரோட்டான் இல்லேன்னா பெரோடுவா கன்சில்தான் எடுக்கணும். கடைசில 2017ல ப்ரோட்டான்ல 49.9 சதவீதம் சீனாவோட ஜீலி கைக்கு போச்சு, அதுக்கப்புறம் எக்ஸ்70 மாதிரி வண்டிங்க வந்து மறுபடி தலை நிமிர்ந்துச்சு.

ஆதரிக்கறது நல்லதுதான், ஆனா என்ன குடுத்தாலும் வாங்குவாங்கன்னு கம்பெனிக்கு தெரிஞ்சா அது வளராது. நம்மளுதுன்னு வாங்குறவங்க குறை இருந்தா விடாம கேக்கவும் செய்யணும்.

திருச்சி_மணி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். வென்யூ விஷயத்தை மச்சினன் கிட்ட சொன்னேன், அவன் பேசவே இல்ல. அப்பா எல்லா பதிலையும் உக்காந்து படிச்சார், கொரியா கதை அவருக்கு ரொம்ப பிடிச்சிருச்சு. இப்ப அவர் நெக்ஸான் எலக்ட்ரிக் எடுத்தா பெட்ரோலும் இறக்குமதி பண்ண வேணாமேங்கறார். அது சரியா அண்ணே?

ஒரகடம்_டூல்ரூம்:

பெட்ரோல் கணக்கு சரிதான் தம்பி, ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான். ஆனா எலக்ட்ரிக்ல விலை அதிகமான ஐட்டம் பேட்டரி, அதுக்குள்ள இருக்கற செல்லு இன்னைக்கு பெரும்பாலும் சீனால இருந்துதான் வருது, பேட்ஜ் யாரோடதா இருந்தாலும் சரி. அந்த செல்லுங்களை அடுக்கி பேட்டரி பேக்கா மட்டும் இங்க பூட்டறாங்க. மத்திய அரசு 25,938 கோடில ஊக்கத்தொகை திட்டம் போட்டு, வண்டி மதிப்புல 50 சதவீதம் இங்க உருவாகணும்னு கண்டிஷன் வச்சிருக்கு, செல்லும் இங்க செய்ய ஆரம்பிச்சா நிலைமை மாறும். தூத்துக்குடில வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட்ல எலக்ட்ரிக் கார் ஃபேக்டரி தொறந்திருக்காங்க, தெற்கத்திப் பக்கம் பசங்களுக்கு அது பெரிய விஷயம், ஆனா அங்கயும் இதே கேள்விதான், செல்லு எங்க இருந்து வருது. பிஸ்டன், வால்வு, சைலன்ஸர் பைப்பு செய்யற சின்ன யூனிட்டுங்களுக்கு எலக்ட்ரிக்ல வேலை இல்ல, அதை நினைச்சாத்தான் எனக்கு கவலையா இருக்கு.

மறைமலைநகர் தம்பி சொன்ன ராயல்டி, ஐபிஓ விஷயத்தை நான் மறுக்கலை. ஒரே தரம், ஒரே விலைல ரெண்டு வண்டி நின்னா நானும் நம்ம கம்பெனியைத்தான் எடுப்பேன். ஆனா கொரியன் வண்டி வாங்கினவன் நாட்டுக்கு துரோகம் பண்ணினான்ற மாதிரி யாராவது பேசினா எங்க ஷாப்புல இருக்கற பசங்களை நினைச்சு கோவம் வருது. இதையும் பாருங்க, 2025 ஜனவரில சுசுகி, இந்தியால செஞ்ச அஞ்சு கதவு ஜிம்னியை ஜப்பான்ல அறிமுகப்படுத்தி, நாலே நாள்ல 50,000 புக்கிங் வந்து, புக்கிங்கையே நிறுத்தி வச்சாங்க. ஜப்பான்காரன் குர்கான்ல செஞ்ச வண்டிக்கு காத்திருந்தான்!

நாகர்கோவில்_ஒர்க்ஷாப்:

நான் மெக்கானிக், எல்லா கம்பெனி வண்டியும் நம்ம ஷெட்டுக்கு வரும். மணி சார், மேல சொன்னது எல்லாத்தோட சேர்த்து திருச்சில உங்க வீட்டுக்கு பக்கத்துல யார் சர்வீஸ் சென்டர் இருக்கு, பம்பர் ஒடஞ்சா எத்தனை நாள்ல பார்ட் வரும், இதை அந்த வண்டி வச்சிருக்கறவங்க கிட்ட கேளுங்க. ஊரை விட்டு போன கம்பெனி வண்டிங்களுக்கு பார்ட்ஸ் கிடைக்குது, ஆனா சின்ன சின்ன சாமானுக்கு கூட காத்துக் கிடக்கறவங்களை தினம் பார்க்கறேன், ரீசேல் விலையும் அடி வாங்குது. விற்பனை கம்மியா இருக்கற கம்பெனியா இருந்தா ரெண்டு தடவை யோசிங்க.

எந்த வண்டி எடுத்தாலும் டெலிவரிக்கு முன்னாடி சேஸிஸ் நம்பரை பாருங்க. இந்தியால செஞ்ச வண்டிக்கு பெரும்பாலும் எம்ஏன்னு ஆரம்பிக்கும், டாடான்னா எம்ஏடி, ஹூண்டாய்னா எம்ஏஎல், மாருதின்னா எம்ஏ3. செஞ்ச மாசம், வருஷத்தையும் பார்த்துக்கோங்க, யார்டுல ரொம்ப நாளா வெயில்ல நின்ன வண்டியை தள்ளி விடப் பார்ப்பாங்க, டயரும் பேட்டரியும் செக் பண்ணாம கையெழுத்து போடாதீங்க.