எஞ்சின் லைட் அணைய மாட்டேன் என்கிறது, சனிக்கிழமை ஊருக்குப் போகணும்

வைகை76:
நேற்று காலையிலிருந்து மஞ்சள் எஞ்சின் லைட் எரிகிறது. மெக்கானிக் சென்சார் போய்விட்டது, 9,000 ஆகும் என்கிறார். சனிக்கிழமை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கோவை கூட்டிப் போக வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் அணைந்துவிடும் என்கிறார்களே, செய்யலாமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கரூர்_ஸ்டியரிங்:
என்ன வண்டி, பெட்ரோலா டீசலா, எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர்? எந்த சென்சார்? லைட் நின்று எரிகிறதா, மினுக்குகிறதா? மினுக்கினால் வண்டியை எடுக்காதீர்கள். மிஸ்ஃபயர் ஆகி, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். அது இந்த சென்சாரை விடப் பெரிய செலவு.

ரவுண்டானா:
பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி நன்றாகத் திருகி மூடுங்கள் நண்பா. பாதிப் பேருக்கு இதுதான் காரணம், நிறைய வீடியோவில் பார்த்திருக்கிறேன்.

பழைய_கார்பரேட்டர்:
டேங்க் மூடி விஷயம் அமெரிக்க வண்டிகளுக்கு. அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதிக்க வேண்டும் என்பது சட்டம். நம் பி.எஸ். 4 புகை விதி ஐரோப்பிய விதியை ஒட்டி வந்தது, அதில் அந்தச் சோதனை கட்டாயமில்லை. இதை இங்கே எத்தனை முறை எழுதிவிட்டேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. வைகை, ஸ்கேன் செய்தால் வரும் கோளாறுக் கோடு எண் இல்லாமல் கேட்பது காய்ச்சலா என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் மாத்திரை கேட்பது மாதிரி. பேட்டரியைக் கழற்றினால் கோடுதான் அழியும், கோளாறு அப்படியே இருக்கும்.

வைகை76:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 2012 பெட்ரோல், 1,10,000 கி.மீ. நின்றுதான் எரிகிறது. மெக்கானிக் கொடுத்த சீட்டில் பி0171 என்று எழுதியிருக்கிறார். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றச் சொன்னார்.

ரவுண்டானா:
பி0171 என்றால் லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அப்படியானால் பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனால்தான் காரணம்! என் 2010 வண்டிக்கும் மைலேஜ் விழுந்துவிட்டது.

பழைய_கார்பரேட்டர்:
எத்தனாலால் கலவை லீன் ஆவது உண்மை. ஆனால் 10 சதவீதத்திலிருந்து 20 ஆனதற்கு நாலு சதவீதம் போலக் கூடுதலாகப் பெட்ரோல் விட்டால் போதும், எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. அதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். லைட் எரிய 20, 25 சதவீதம் போக வேண்டும். படித்துவிட்டு எழுதுங்கள்.

ரவுண்டானா:
படித்துத்தான் எழுதுகிறேன் சார். ரப்பர் பைப், பம்ப் எல்லாம் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குச் செய்தது, அதற்கு யார் பொறுப்பு? மைலேஜ் குறைந்ததும் பொய்யா?

கரூர்_ஸ்டியரிங்:
எத்தனால் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவர் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வைகை, போன வாரம் பானெட்டுக்குள் யாராவது கை வைத்தார்களா?

வைகை76:
ஞாயிற்றுக்கிழமை நானே ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டி மாட்டினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கரூர்_ஸ்டியரிங்:
அதில்தான் இருக்கிறது. ஃபில்டர் பெட்டியைத் தூக்கும்போது பக்கத்தில் இருக்கும் ஹோஸ் எல்லாம் இழுபடும். 12 வருஷத்துக்கு மேல் சூட்டில் வெந்த ரப்பர், அப்பளம் மாதிரி இருக்கும். முக்கியமாக எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பி.சி.வி. வால்விலிருந்து, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் விரல் தடிமன் ஹோஸ், அதன் வளைவின் அடிப்பக்கம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆறின எஞ்சினில் விரலால் தடவிப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுக்காமல் ஐடிலில் 'உஸ்' என்று சத்தம் வருகிறதா கேளுங்கள், ஃபேன் பெல்ட் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம். ஓ.பி.டி. டாங்கிள் (வண்டியில் செருகிப் போனில் பார்க்கும் ஸ்கேனர்) கிடைத்தால் ஃபியூவல் டிரிம், அதாவது ஈ.சி.யூ. கூட்டிவிடும் பெட்ரோலின் சதவீதம் பாருங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து 2,500 ஆர்.பி.எம்.மில் இறங்கினால் காற்றுக் கசிவு, அதாவது வெடிப்பு வழியாகக் கூடுதல் காற்று உள்ளே போகிறது. ரேஸ் கொடுக்கக் கொடுக்க ஏறினால் பெட்ரோல் பம்ப், பெட்ரோல் ஃபில்டர் அல்லது அந்த ஏர் ஃப்ளோ சென்சார். புது ஹோஸ் எண்ணெய் தாங்கும் கெட்டி ரப்பராக வாங்குங்கள், தண்ணீர் டியூப் போட்டால் எஞ்சின் உறிஞ்சும்போது சப்பி ஒட்டிக்கொள்ளும்.

பழைய_கார்பரேட்டர்:
டிரிம் பார்க்காமல் சென்சார் மாற்றச் சொன்னவரிடம் இனிமேல் போகாதீர்கள்.

வைகை76:
அதே வளைவில்தான் அண்ணா, அடிப்பக்கம் நகம் நுழைகிற அளவு வெடிப்பு. ஹோஸ், கிளிப் சேர்த்து 140 ரூபாய். பக்கத்து வீட்டுத் தம்பியின் டாங்கிளில் டிரிம் 24 சதவீதம் காட்டியது, ஹோஸ் மாற்றியபின் இப்போது 3. கோடு எண்ணை அழித்து இரண்டு நாள் ஓட்டிவிட்டேன், லைட் வரவில்லை. நாளைக் காலை கிளம்புகிறோம், ரொம்ப நன்றி.

ரவுண்டானா:
ஹோஸ் உள்விட்டம் எத்தனை எம்.எம்.? என் வண்டியிலும் ஐடிலில் அந்த 'உஸ்' கேட்கிறது.